ஏழு மிளகு

செம்மநத்தம்
10.6.1984

அன்புள்ள மருதாயிக்கு,

தங்கம்மா எழுதுவது. அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? நான் இங்கே வந்து ஒரு மாதமாகிறது. ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை.

அடுத்த மாதம் இருபதாம் தேதி ஏற்காட்டில் விசாரணை. என் வீட்டுக்காரர் குடித்துவிட்டுக் கிளை வெட்ட ஏறி, மரத்திலிருந்து விழுந்து செத்தார் என்று எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவே முடிவானால், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டை, உன் பக்கத்து வீட்டை, நான் காலி செய்ய வேண்டும். வீடு போனால் போகிறது. மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டியிருந்த மனுசனைக் குடிகாரன் என்று எழுதி வைப்பதா? "கயிறு இத்துப் போச்சுங்க, வேற குடுங்க" என்று அவர் கேட்டதையும், "இன்னைக்கு ஒரு நாளு இதுலயே ஏறுடா" என்று ரைட்டர் சொன்னதையும் கேட்டது நீ ஒருத்திதான். விசாரணையில் வந்து அதை நீ சொல்ல வேண்டும்.

பயப்படாதே, கண்ணு. என் வழக்கம் உனக்குத் தெரியுமே. பிரசவத்துக்குப் போனபோதும், துரை முன்னால் நின்று நியாயம் கேட்டபோதும் செய்ததுதான். கிழக்கே பார்த்து நின்று ஏழு மிளகை ஒவ்வொன்றாக மெல்லு. தண்ணீர் குடிக்காதே. அழ வேண்டியதெல்லாம் வீட்டிலேயே தீர்ந்துவிடும். பிறகு யார் முன்னாலும் குரல் நடுங்காது. அவர் கடைசியாகப் பறித்துக் காய வைத்த மிளகில் ஏழு எண்ணி அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
தங்கம்மா


வெள்ளக்கடை
2.7.1984

அன்புள்ள அக்காவுக்கு,

மருதாயி வணக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். மழை பிடித்ததிலிருந்து களை வேலை முதுகை ஒடிக்கிறது. உங்கள் கோழி இன்னும் பூட்டிய வாசலில்தான் வந்து நிற்கிறது. நான்தான் தீனி போடுகிறேன்.

சென்றாயண்ணன் காய வைத்த மிளகு வந்து சேர்ந்தது. "கோழிக்கு மசாலா தடவற மாதிரி உங்களுக்கு நீங்களே தடவிக்கிறீங்களேக்கா" என்று முன்பு உங்களைக் கேலி செய்வேன். இப்போது நானே முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு ரைட்டர் வீடு தேடி வந்தார். "மாரிசாமி, உன்னைய மேஸ்திரியாப் போடலாம்னு பேச்சு வந்திருக்குது. ஊட்டுல சொல்லி வையி" என்று இவரிடம் சொன்னார். என்ன சொல்லி வைப்பது என்று இவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா, நொம்பப் பயமாக இருக்கிறது. ஆனால் வந்துவிடுவேன்.

தங்கச்சி,
மருதாயி


வெள்ளக்கடை
23.7.1984

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரணை முடிந்ததும் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள்.

நான் சொன்னது தப்புத்தான். முந்தின நாள் முழுக்க இவர், "செத்தவன் எந்திரிச்சு வரப் போறானா? நாளைக்கு நம்ம ஊடும் போச்சுன்னா எங்க போவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் மிளகை மென்றேன். நன்றாக அழுதேன். அதற்கப்புறம் வார்த்தை தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது.

இவருக்கு வேலை போட்டுவிட்டார்கள். மேஸ்திரி வீடு கொஞ்சம் பெரிது. போக இடமில்லை என்றால் முன்னறையில் வந்து இருங்கள். என்னை மன்னிக்க வேண்டும்.

மருதாயி


செம்மநத்தம்
30.7.1984

மருதாயிக்கு,

கடிதம் கிடைத்தது. முன்னறை உனக்கே இருக்கட்டும். கோழியை அண்ணன் வந்து எடுத்துக்கொள்வார். இத்தனை நாள் தீனி போட்டதற்கு நன்றி.

அன்று பின்பெஞ்சில் உட்கார்ந்து உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கண் சிவந்திருந்தது. மென்றுவிட்டாள், இனிப் பயமில்லை என்று வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அடுத்த நிமிடம், "வாசம் வந்துச்சுங்க, தள்ளாடிட்டேதான் ஏறுனாருங்க" என்றாய். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே நின்றாய். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். நான் அதன் கொம்பையும் சீவி விட்டிருக்கிறேன்.

மறு விசாரணைக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். உன்னையும் கூப்பிடுவார்கள். இனி நான் மிளகு மெல்லப் போவதில்லை. அழுகை வந்தால் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டுப் போகிறேன். நீயும் மெல்லாமல் வா. என் முகத்தைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்லு. உன்னால் முடிந்துவிட்டால், என் புருசன் குடித்துத்தான் செத்தார் என்று நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
சென்றாயன் மனைவி தங்கம்மா