பேர் வெட்டாத நகை

நவம்பர் 4, செவ்வாய்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஹார்பருக்கு லாரி ஓடவில்லை, அண்ணன் வீட்டில். அதனால் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறோம்.

சுதா மதினியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சீர்ச் சாமான்களை எடுக்க வருகிறார்கள். நகையையும் கேட்டிருக்கிறார்கள். மதினி ஸ்ரீவைகுண்டத்தில் அவள் அப்பா வீட்டுக்குப் போய் மூன்று மாதம். அண்ணன் அறைந்ததில் அவளுக்கு இடது காது கேட்காது.

அம்மா சொன்னாள்: "பாத்திரத்துல அவ பேரு வெட்டியிருக்கு, குடுத்துத்தான் ஆகணும். நகையில பேரா வெட்டியிருக்கு?"

நவம்பர் 6, வியாழன்

அம்மாவோடு பாத்திரக்கடை. வெண்கலப் பானையை மட்டும் விட அம்மாவுக்கு மனசில்லை. 'சுதா' என்பதைத் தேய்த்துவிட்டு என் பேரை வெட்டச் சொன்னாள். கடைக்கார அண்ணாச்சி வேறு எதுவும் கேட்கவில்லை. "பாப்பா பேரு என்ன?" அவ்வளவுதான். நான் சொல்வதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

அண்ணன் லாரியை அம்மா பேருக்கு மாற்றிவிட்டான். மதினி மாதச் செலவுக்கு கேஸ் போட்டால், சம்பளத்துக்கு ஓட்டுதேன், எங்கிட்ட என்ன இருக்கு என்று சொல்வானாம். அந்த லாரியே மதினியின் ஆரத்தை விற்று வாங்கியது. மீதி நகை அம்மா பீரோவில்.

வாங்க: கொசுவத்தி, பினாயில், எனக்கு நாப்கின் (அம்மாவிடம் கேட்க வேண்டும்).

நவம்பர் 9, ஞாயிறு

வந்தார்கள். மதினி, அவள் அப்பா, ஒரு வக்கீலம்மா. மதினி மெலிந்திருக்கிறாள். அம்மா வேண்டுமென்றே அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்து பேசினாள். மதினி ஒவ்வொன்றுக்கும் "என்ன அத்தை?" என்று திரும்பினாள். அண்ணன் சிரித்தான்.

வக்கீலம்மா: "பொண்ணுக்குப் போட்ட நகை பொண்ணுக்குத்தான் சொந்தம். பத்திரமா வைக்க உங்ககிட்ட குடுத்திருந்தாலும், கேட்டா திருப்பிக் குடுக்கணும்."

"எங்கிட்ட எங்க குடுத்தா? போட்டுக்கிட்டுல்லா போனா," என்றாள் அம்மா.

மதினி சொன்னாள்: "கல்யாணத்துக்கு மறுநாளே கழட்டி வாங்குனியளே அத்தை. 'எங்கிட்ட குடுத்துரு மக்கா, பத்திரமா இருக்கும்'னு சொன்னியளே."

வக்கீலம்மா கேட்டார்: "கல்யாண போட்டோ இருக்கு. ஆனா இவங்க கைக்குப் போனதைப் பாத்தவங்க யாராவது?"

"ராஜி பாத்தா. டப்பாவைப் பிடிச்சிக்கிட்டு நின்னதே அவதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிவப்பு டப்பா. வளையல்கள் ஒவ்வொன்றாக விழுந்த சத்தம்கூட நினைவிருக்கிறது. வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொல்லும்போது ஆகுமே, அதேபோல.

அம்மா: "அவட்ட கேட்டு என்ன செய்ய. வாயில்லாப் பூச்சி. நாலு பேரு முன்னால பேசப் பயந்துதான பத்தாங்கிளாசோட நின்னா."

வக்கீலம்மா பேனாவை மூடினார்.

கட்டில், அண்டா, குடம் எல்லாம் வண்டியில் ஏறின. போகும்போது மதினி வெண்கலப் பானையைத் திருப்பிப் பார்த்தாள். என் பேரை விரலால் தடவினாள்.

"வச்சிக்கோ ராஜி. இன்னும் ஆழமா வெட்டச் சொல்லியிருக்கலாம். இதைத் தேய்க்க ரொம்ப நேரம் ஆகாது."

நவம்பர் 10, திங்கள்

மழை விட்டது. கட்டில் போய்விட்டதால் அண்ணனுக்குத் தரையில் தூக்கம் வரவில்லை. அதற்கு என்னைத் திட்டினான்.

நேற்று பேசியிருந்தால் அடி. பேசாததற்கு அம்மா எனக்கு மட்டும் கால் கிலோ மக்ரூன் வாங்கித் தந்தாள். தின்றேன். எல்லாவற்றையும்.

நவம்பர் 16, ஞாயிறு

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருக்கிறவர்கள். மதினியின் வளையல்களை அம்மா எனக்குப் போட்டுவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பெரிசு. மாப்பிள்ளை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா முதலில் பானையைப் பார்த்தார், பிறகு வளையலை, பிறகுதான் என்னை.

"பொண்ணு பேசவே மாட்டேங்காளே."

"அதுதான் அவகிட்ட நல்ல குணம்," என்றாள் அம்மா.

அந்த அம்மா என் கையைப் பிடித்து, வளையலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குரல் அவ்வளவு இதம்.

"கல்யாணம் முடிஞ்சதும் இதெல்லாம் எங்கிட்ட குடுத்துரு மக்கா. பத்திரமா இருக்கும்."

அம்மா எல்லோருக்கும் மக்ரூன் தட்டை நீட்டினாள்.