முந்தைய ஆளின் மிச்சம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? தங்கச்சி பரீட்சைக்குப் படிக்கிறாளா, இல்லை போனும் கையுமாகத்தான் இருக்கிறாளா?

போன் இருக்கும்போது கூரியரில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நேற்றுப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். அப்பா என்றதுமே, இருங்க இருங்க, எல்லாரும் கேளுங்க, கம்ப்யூட்டரம்மா பேசுது என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டீர்கள். இஸ்திரிக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் நல்லா இருக்கியாம்மா என்று கேட்டார்கள். நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால் கடையில் யாரும் இல்லாதபோது, இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். அம்மாவின் மாத்திரைச் சீட்டு சம்பந்தப்பட்டது.

என் வேலை என்ன என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். பல ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஒரே பெரிய மெஷின் இருக்கிறது. மெயின்பிரேம் என்பார்கள். அந்த அறைக்குள் எங்களை விட மாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் பீரோக்களை வரிசையாக நிறுத்தியது போல இருக்கும். நம் ஆஸ்பத்திரிச் சீட்டும் அதிலிருந்துதான் வருகிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும். அதன் நினைவகத்தில் ஓர் இடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்குப் பிரதி எடுக்க ஒரு சின்ன நிரல் உண்டு. மெஷினுடைய நேரத்தில் பெரும்பகுதி அதிலேயே போகிறது. அதை அசெம்பிளியில், அதாவது மெஷின் பேசும் பாஷையை ஒட்டிய பாஷையில், வேகமாக எழுதித் தரச் சொன்னார்கள்.

பழைய நிரல் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைக்கும். தேய்த்த சட்டைகளை ஒன்றொன்றாக அலமாரிக்குக் கொண்டுபோவது மாதிரி. நான் ஒரே அடுக்காக அள்ளி வைக்கும்படி எழுதினேன். நல்ல வேகம். டீம் லீடர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான்.

பிறகுதான் கவனித்தேன். பழைய ஆட்கள் அதே நிரலை அழிப்பதற்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு வரியைத் துடைக்க, முதல் கட்டத்தில் ஒரு வெற்றிடத்தை வைப்பார்கள். அதை இரண்டாம் கட்டத்துக்கு, இரண்டாவதை மூன்றாவதற்கு என்று பிரதி எடுக்க விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றாக நகர்வதால் வெற்றிடம் கடைசிவரை பரவி வரி காலியாகிவிடும். என்னுடையது அள்ளும்போதே பழைய எழுத்துகளையும் சேர்த்து அள்ளிவிடுகிறது. அவை ஒரு கட்டம் தள்ளி அப்படியே உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றின்மேல் அடுத்த நோயாளியின் வரி விழுகிறது. அது சின்ன வரியாக இருந்தால் முந்தைய ஆளின் மிச்சம் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு இரவு ஒன்றுதான். அவளுக்கு முன்னால் நின்றவருக்குக் காலை ஒன்று, மாலை இரண்டு என்று இருந்தால், அம்மாவின் சீட்டில் இரவு ஒன்று, மாலை இரண்டு என்பது போல வரும். படித்தால் தப்பு என்றே தோன்றாது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற மாத்திரை அது. கூடினால் என்ன ஆகும் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை அப்பா. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பழைய மாதிரியே போகட்டும் என்று ஒரு சோதனையைச் சேர்த்தேன். கொஞ்சம் வேகம் குறைந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்டுவதற்கு முன்னால் லீடர் அந்தச் சோதனையை எடுத்துவிட்டார். ஏம்மா, நம்ம வீட்டுக்குள்ள நாமளே நுழைய வாட்ச்மேன் வெப்பியா, அதான் டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சுல்ல என்றார். டெஸ்டில் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு நோயாளிதான். முன்னால் ஆள் இல்லையென்றால் மிச்சம் எங்கிருந்து வரும்? அதையும் சொன்னேன். சொன்னேன் என்றால், அவர் லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடும்போது சொன்னேன்.

கூட்டத்தில் கையைக்கூடத் தூக்கினேன். குளிருதாம்மா என்று யாரோ ஏசியைக் குறைத்தார்கள். ஆஸ்பத்திரி அதிகாரி ஒருவர் மட்டும் என்னைப் பார்த்து, சொல்லுங்க மேடம் என்றார். என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தேங்க்ஸ் சார் என்றுதான் வாயில் வந்தது.

மெயில் போட்டேன். பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரி உதவி எண்ணுக்கு அடித்தேன். நோயாளி நம்பர் சொல்லுங்க என்றாள் ஒரு பெண். நான் நோயாளி இல்லைங்க என்றேன். அப்ப எதுக்குங்க கூப்பிட்டீங்க என்று வைத்துவிட்டாள். இந்த வாரம் அந்த நிரலை ஓட விட்டுவிட்டார்கள். அதைத் தொட்டுத் திருத்த எனக்கு அனுமதி இல்லை. எழுதியவர் என்ற இடத்தில் மட்டும் என் பெயர் இருக்கிறது.

அம்மாவுக்காக உங்களுக்கு எழுதிவிட்டேன். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கிறவர்களின் வீட்டுக்கு யார் எழுதுவார்கள்?

போன மாதம் மருந்து கொடுக்கிற அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன் என்றார்களாம். இது என் பொண்ணு மெஷின்லருந்து வர்றது, தப்பா வராது என்று நீங்கள் சத்தம் போட்டீர்களாம். தங்கச்சி பெருமையாகச் சொன்னாள். அப்போது ஓடியது பழைய நிரல், சீட்டு சரியாகத்தான் இருந்திருக்கும். இனிமேல் அப்படி இல்லை. அடுத்த வாரம் போகும்போது அந்த அக்கா நிறுத்தினால் நில்லுங்கள். கேட்டுவிட்டு வரும்வரை பெஞ்சில் உட்காருங்கள். அவர்களுக்குச் சந்தேகம் வராவிட்டாலும் நீங்களே சீட்டை நீட்டி, இது சரிதானாம்மா, டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க என்று சொல்லுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதையே அம்மாவுக்குக் கொடுங்கள். சத்தம் போட்டுவிடாதீர்கள். என் பொண்ணு என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள் அப்பா.

அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசத்துடன்,
உங்கள் மூத்தவள்