தூள் போடாத சொதி

6 நவம்பர், வியாழன்

விடியவே மழை. வேலையில் லீவு சொல்லிவிட்டு ஆரணியோடு பல்லுக்குக் கம்பி போடும் டொக்டரிடம். ரெர்மின் தந்த நேரம் 9.15. கூப்பிட்டது பத்துக்கு. கதிரையில் படுத்தபோது என் மகளின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயது. எப்போது இப்படி வளர்ந்தாள்?

மேற்பல் பத்திலும் வெள்ளைக் கட்டை ஒட்டி, கம்பியைக் கொளுவி, அதைப் பிடித்து வைக்கச் சின்னச் சின்ன ரப்பர் வளையம். நிறம் தெரிவு செய்ய அட்டை நீட்டினார்கள். இவளுக்குத் தண்ணீர் நிறம்தான் வேண்டுமாம். வகுப்பில் ஒருவர் கண்ணிலும் படக் கூடாதாம்.

"சிரிச்சால் தெரியுதோ அம்மா?"

"வடிவா இருக்கு பிள்ளை."

"அதை நான் கேக்கேல்லை."

கவனிக்க வேண்டியவை என்று ஒரு தாள் தந்தார்கள். முழு அப்பிள் கடிக்கக் கூடாது. கச்சான் கடலை, சுவிங்கம் கூடாது. கறித்தூள் ரப்பரில் சாயம் பிடிக்கும். நல்லது, தூள் போடாமல் சமைத்தால் போச்சு.

7 வெள்ளி

பல் நோ. பாண் கடிக்க ஏலாமல் அழுகை. இடியப்பம் அவித்து, தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன். மருந்துக்கும் தூள் இல்லை. மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வாங்க: கம்பி குத்தினால் வைக்கும் மெழுகு, இடுக்குப் பிரஷ், தேங்காய்ப்பால் 3 டின்.

குளியலறையில் அரை மணித்தியாலம். வெளியே நின்று இவர்: "பல்லுத் தீட்டுறாளோ, வீடு கழுவுறாளோ?"

8 சனி

காலை பாண், சொதி. மத்தியானம் குழையல் சோறு, சொதி. இரவு மசித்த உருளைக்கிழங்கு, அதற்கும் சொதி. "அம்மா, நீங்கள் செய்யிறதிலை இதுதான் திறம்" என்றாள். இதைக் கேட்டு எவ்வளவு நாள்! தலையில் கொஞ்சினேன், தள்ளிவிடவில்லை.

9 ஞாயிறு

குளியலறையிலிருந்து ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால், பத்து ரப்பரும் மஞ்சள். பளீரென்ற மஞ்சள். எவ்வளவு தீட்டியும் போகவில்லை.

"என்னத்தைப் போட்டனீங்கள்?"

"தூள் போடவே இல்லை பிள்ளை."

"மஞ்சள்?"

ஒரு சிட்டிகை. அதை ஒரு சாமானாகவே நான் எண்ணியதில்லை. உப்புக்கு அடுத்தபடியாகக் கை தானாகப் போடுகிறது. மூன்று நாள், வேளைக்கு வேளை. அன்பாக ஊட்டி ஊட்டிப் பிள்ளையின் பல்லுக்குச் சாயம் போட்டிருக்கிறேன்.

"எங்கடை கெல்சென்கிர்ச்சனிலை மஞ்சளோ! நான் பக்கத்து ஊர் மஞ்சள் உதைபந்து ரீமுக்குக் கொடி பிடிக்கிறன் எண்டு வகுப்பே சிரிக்கும்!"

இவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அதோடு வினை முற்றிவிட்டது. கம்பி கழற்றும்வரை என் சமையல் தொடமாட்டாளாம். டொக்டர் சொன்ன கணக்கு இரண்டு வருடம்.

10 திங்கள்

கழுத்துச் சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். டொக்டரின் இடத்துக்குப் போன் எடுத்து ரப்பர் மாற்ற ரெர்மின் கேட்டேன். வியாழன், பி.ப. 4.

பின்னேரம் தனிச் சட்டியில் வெறும் நூடில்ஸ் அவித்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இன்று ஐந்து பேருக்குச் சாப்பாடு ஊட்டினேன். வீட்டில் ஒருத்திக்குக் கொடுக்க முடியவில்லை.

11 செவ்வாய்

குளிர். மஞ்சள் இல்லாமல் ஒரு சொதி வைத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று, ஆஸ்பத்திரிச் சாப்பாடு போல. மேசையில் வைத்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம்."

நான் மூக்கை உறிஞ்சியது இவருக்குக் கேட்டுவிட்டது. "சும்மா அழாதையும். இரண்டு வருசம் கெதியாப் போயிடும்."

கெதியாகப் போய்விடும் என்றுதான் பயம். அது போனால் இவளுக்குப் பதினைந்து. பிறகு என் கையால் எத்தனை நாள் சாப்பிடப் போகிறாள்?

12 புதன்

காலை வேலை. வேறொன்றும் இல்லை. முதுகு நோ.

13 வியாழன்

ரப்பர் மாற்றியாயிற்று. உதவியாளப் பெண் அட்டையை நீட்டினாள். ஆரணி தண்ணீர் நிறத்தைத்தான் காட்டுவாள் என்று இருந்தேன். என் பக்கம் திரும்பாமல், ஜெர்மன் மொழியில் அந்தப் பெண்ணைக் கேட்கிறாள்: எந்த நிறம் போட்டால் மஞ்சள் தெரியாது? எங்கள் அம்மா எல்லாவற்றிலும் மஞ்சள் போடுவா.

கடும் ஊதா. தெரு முனையில் நிற்பவனுக்கும் தெரியும்.

ட்ராமில் சொன்னேன்: "உனக்குப் பிடிச்சதையே போட்டிருக்கலாமே. நான் மஞ்சள் இல்லாமல் சமைப்பன்தானே."

"செவ்வாய்க்கிழமைச் சொதி மாதிரியோ? ஐயோ அம்மா, வேண்டாம். உப்புச் சப்பில்லை."

"நீ அதை வாயிலையே வைக்கேல்லையே?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நேற்றுப் பள்ளிக்கூடத்தாலை வந்து, மிச்சம் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டனான். நீங்கள் பாவம் எண்டு."