இரண்டரை அடி வாசல்

சகாய் துறைமுகம்
பத்தாம் மாதம், மூன்றாம் நாள்

அன்புள்ள அண்ணா,

வணங்குகிறேன். மடத்தில் குளிர் தொடங்கியிருக்கும். கால் வெடிப்புக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், ஊருக்கெல்லாம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை தோட்டத்தில் தேநீர்க் குடில் கட்டி முடித்துவிட்டார். இரண்டு பாய் விரிக்கும் இடம். வாசல் இரண்டரை அடி. தவழ்ந்துதான் நுழைய முடியும். புதுத் தேயிலை ஜாடி திறக்கும் பதினெட்டாம் நாளுக்குத் தளபதி இனுகாமியை அழைத்திருக்கிறார். அம்பு பட்ட அவர் கால் மடங்காது. போன வருடம் அந்த நடையைப் பார்த்துச் சிரித்தவனின் தலை போயிற்று.

எடுத்துச் சொன்னால், "வாள வெளிய வச்சிட்டு உருண்டு வரட்டுமே. தேநீர் முன்னால எல்லாரும் ஒண்ணுன்னு உங்கண்ணன்தானே சொல்லிக் குடுத்தாரு?" என்கிறார்.

வாசலை உயர்த்தச் சொல்லி நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தங்கை
ஒசேன்


கியோட்டோ
ஒன்பதாம் நாள்

ஒசேன்,

எண்ணெய் வந்தது. பாதியைக் கொடுத்துவிட்டேன், திட்டாதே.

தியானத்தில் தூங்கி விழாமலிருக்கத் தேநீர் குடிக்கிறோம். ஒரே கிண்ணம் எல்லார் கைக்கும் போகும். அதைத்தான் சொன்னேன். அதிலிருந்து இப்படி ஒரு வாசலைச் செய்வாரென்று நினைக்கவில்லை.

அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்: "குனிய முடியாதவனைக் குனியச் சொல்வது தேநீர் அல்ல, அவமதிப்பு."

விருந்து முடிந்ததும் எழுது. அதுவரை எனக்குத் தியானம் கைகூடாது.

ஷுன்கோ


சகாய்
இருபத்திரண்டாம் நாள்

அண்ணா,

உயிரோடு இருக்கிறோம்.

இவர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "சாமியாரே பயந்துட்டாரு" என்று சிரித்தார். வாசல் அப்படியே இருந்தது.

தளபதி வந்தார். வாளைக் கழற்றி மாட்டினார். வாசலைப் பார்த்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நான் சமையற்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கிண்ணத்தை முன்னே தள்ளியபடி இவர் தவழ்ந்து வெளியே வந்தார். தளபதியைப் படிக்கல்லில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அவர் குடித்த மிச்சத்தை இவர் குடித்தார். "நல்லா இருக்குய்யா" என்று சொல்லிப் போனார் தளபதி.

நேற்று அவர் ஆட்கள் வந்தார்கள். "கோட்டையில இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். எஜமான் நுழையப் பின்பக்கம் பெரிய கதவு. பாக்க வர்றவங்களுக்கு இந்தப் பொந்து. தவழ்ந்து வரட்டும்னாரு." கட்டிக்கொடுக்க இவர் போக வேண்டுமாம். நாளை அழைத்துப்போக வருகிறார்கள்.

இவர் இன்று விடிந்ததும் கோடரி எடுத்துக் குடிலை வெட்டிச் சாய்த்தார். "உங்கண்ணன் சொன்னது இப்பத்தான் புரியுது. இன்னொண்ணு கட்ட மாட்டேன்" என்றார். மறுத்தவர்களை அந்தக் கோட்டை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

மதியப் படகில் கிளம்புகிறோம். இந்தக் கடிதத்தை ஓட்டக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன். எங்களுக்கு முன்னால் வந்துவிடும். மடத்துக்கு வந்தாலும் உங்கள் முகத்தில் விழிக்கக் கூசி இவர் வெளியிலேயே நிற்பார். பேசிக்கொண்டிருக்காதீர்கள் அண்ணா. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

ஒசேன்