மேப்பிள் மரத்தடியில் பூத்துவிட்டது, அக்கா

முழங்காலில் மண்ணோடேயே வந்து கதவு திறக்கிற என் பவானியக்காவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் வீட்டு வாசலில், அந்தப் பெரிய மேப்பிள் மரத்துக்குக் கீழே பூ பூத்திருக்கிறது. ஒன்றிரண்டு இல்லை, அக்கா. நூற்று இருபது டாஃபடில் பூக்கிழங்கு நட்டேன். நூற்றுப் பதினேழு மேலே வந்துவிட்டது. தெருவால் போகிற கார்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகின்றன.

நீ நம்ப மாட்டாய். பன்னிரண்டு வருஷம் அந்தத் துண்டு நிலத்தோடு மல்லுக்கட்டியவள் நீ. ரோசா வைத்தாய், வெயில் காணாமல் சோர்ந்து போனது. ரியூலிப் கிழங்குகளை அணில்கள் தோண்டித் தின்றன. ஆசையாகக் கடையில் வேண்டி வந்த சிவப்பு யப்பான் மேப்பிள் கன்று, பனி கரையத் தெருவில் கொட்டுகிற உப்பு பட்டு ஒரே குளிர்காலத்தில் கருகியது. ஒவ்வொரு மே மாதமும் கார் டிக்கி நிறையப் பூத்த சட்டிகளோடு வருவாய். ஜூலையில் எல்லாம் சருகாகிவிடும்.

போன வருஷம் ஜூனில், கட்டிலை விட்டு எழும்ப முடியாத நிலையிலும், "வாசலுக்கு நாலு பூச்செடி வேண்டி வைப்பமா?" என்று என்னைக் கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "விடக்கா, பிளாஸ்ரிக் பூ வேண்டிக் குத்துவம். அதுதான் அங்க நிக்கும்." நீ சிரித்தாய். உனக்கு நொந்ததா? அடுத்த மாதமே போய்விட்டாய். நான் கேட்கவே இல்லை.

செப்டம்பரில் அத்தான் என்னைக் கூப்பிட்டார். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"வசந்தி, ஒரு பெடியனோட கதைச்சிட்டன். முன்பக்கம் முழுக்க இன்டர்லொக் கல்லுப் பதிக்கப் போறன்."

"ஏன் அத்தான், திடீரெண்டு?"

"கதவைத் திறந்தா அந்த மொட்டை மண்தான் தெரியுது. அவள் குந்தியிருந்த இடம் தெரியுது. என்னால ஏலாது பிள்ளை."

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. "மே மாதம் வரைக்கும் தவணை தாங்கோ. நான் அங்க பூக்க வைக்கிறன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பன்னிரண்டு வருஷம் அவளால ஏலாததை நீ செய்யப் போறியோ? உன்ர வீட்டில ஒரு மணிபிளாண்ட் கூட இல்லை."

உண்மைதானே. ரூஜ் பக்கத்தில் இருக்கிற என் வீட்டு முன்னால் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர், "சரி, மே வரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகு கதை இல்லை" என்றார்.

அடுத்த சனிக்கிழமை யூனியன்வில்லைத் தாண்டியுள்ள செடிக்கடை ஒன்றுக்குப் போனேன். வாசலிலேயே ஒரு பெரிய நீல ஹைட்ரேஞ்சியாப் பூச்செடி என்னைப் பிடித்துக்கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். அங்கே வேலை செய்கிற மட்டக்களப்புப் பெண் ஒருத்தி, "எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள். மேப்பிள் மரத்தடி என்றேன். சட்டியை என் கையிலிருந்து வேண்டி ஓரமாக வைத்துவிட்டாள்.

"எல்லாரும் பூவைப் பாத்துத்தான் வாங்குறாங்க. முதல்ல இடத்தைப் பாருங்க. எத்தின மணித்தியாலம் வெயில் விழும்?"

எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷத்தில் உனக்குத் தெரிந்திருந்ததா, அக்கா?

அவள் என்னை வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பின்னேரம் வரை உன் வாசலில் கதிரை போட்டு இருந்து, எந்த மூலையில் எப்போது வெயில் வந்து எப்போது போகிறது என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதினேன். அத்தான் கதவைத் திறந்து, "என்ன, பஸ்ஸுக்கோ காத்துக்கொண்டிருக்கிறாய்?" என்றார். மொத்தம் இரண்டரை மணித்தியாலம்தான் வெயில். மிச்சமெல்லாம் நிழல். தெருப் பக்கம் உப்பு. நடுவில் மரத்தின் வேர்.

மறுபடி செடிக்கடைக்குப் போனேன். அந்தத் துண்டைப் பார்த்ததும் மட்டக்களப்புப் பெண்ணின் முகம் மலர்ந்தது. மே மாதத்தில் நடுவதுதான் நீ விட்ட பிழை என்று அப்போதுதான் விளங்கியது. அந்த நேரம் செடி வேர் பிடிக்க முதலே மேப்பிள் இலை விரித்து வெயிலை மறைத்துவிடும், அதன் வேர் தண்ணீரைக் குடித்துவிடும். இலையுதிர் காலத்தில் காற்றுத்தான் குளிர், மண்ணுக்குள் இன்னும் சூடு இருக்கும். நிலம் உறையும் வரை செடிக்கு வேர் விடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. டாஃபடிலோ, மரம் இலை விட முன்னமே பூத்துவிடும். அணில் அதை வாயில் வைக்காது. அதன் கிழங்கு நஞ்சு.

அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்தோம். மரத்தடிக்கு டாஃபடில். தெருவோரத்துக்கு உப்பைத் தாங்கும் ஹோஸ்ரா இலைச்செடி. சுவரோரம், உப்பு எட்டாத இடத்தில், இந்த நாட்டுக்கே உரிய ஒரு சேர்விஸ்பெரி மரக்கன்று. "இது உங்களுக்குப் பிறகும் நிக்கும்" என்றாள். நான் அவளுக்கு உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

ஒக்டோபரில் இரண்டு வார இறுதிகள் தோண்டினேன். வேருக்கும் வேருக்கும் இடையில் கை போகிற இடமெல்லாம் குழி. கூர்ப்பக்கம் மேலே பார்க்க, ஒரு சாண் ஆழத்தில் ஒவ்வொரு கிழங்கு. முதுகு விட்டுப்போனது. உதிர்ந்த இலைகளைப் பையில் கட்டி வெளியே வைக்காமல் நொறுக்கி மேலே பரப்பினேன். அத்தான் யன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார், மூடுவார். வெளியே வரவே இல்லை.

மூன்றாவது வாரம் தண்ணீர் விடப் போனேன். பாத்தி முழுவதும் இரும்புக் கம்பித் தட்டுகள் பரப்பிக் கிடந்தன. நீ கேக் சுட்ட பழைய அடுப்பின் தட்டு, பாபிகியூ அடுப்பின் தட்டு, எங்கிருந்தோ எடுத்த யன்னல் வலை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே செங்கல். நான் திகைத்துப்போய் நிற்க, அத்தான் கதவடியில் நின்று சொன்னார்.

"அணில் மண்ணைக் கிண்டி வாசலெல்லாம் எறியுது. அதுக்குத்தான் போட்டனான். பூவுக்கெண்டு நினையாத."

"நான் ஒண்டும் நினைக்கேல்லை அத்தான்."

"கன்றுக்கு நேற்று நான் தண்ணி விட்டனான். நீ இண்டைக்கு விட வேண்டாம்."

அன்று காரில் திரும்பும்போது, ஸ்டீல்ஸ் தெருச் சிவப்பு விளக்கில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு குளிர்காலம். பாத்தி நான்கு மாதம் பனிக்குள் கிடந்தது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஒன்றுமில்லை. நான் பயந்துபோனேன், அக்கா. உன் நிலத்தை நானும் கல்லுக்குக் கொடுக்கப் போகிறேனோ என்று. பிறகு ஒருநாள் இலைச் சருகைக் குத்திக்கொண்டு பச்சைக் கூர்கள், நெருக்கமாக, வரிசையில்லாமல். மே முதல் வாரத்தில் ஒரே மஞ்சள். சுவரோரத்துச் சின்னக் கன்றும் தன் பங்குக்கு வெள்ளையாகப் பூத்தது.

அந்த வாரம்தான் கல்லுப் பதிக்கிற பெடியன் அளக்க வந்தான். நானும் அங்கே நின்றேன். அவன் அளவு நாடாவை இழுத்து, பூவை மிதிக்காமல் எங்கே கால் வைப்பது என்று தடுமாறினான். அத்தான் படியிறங்கி வந்தார்.

"தம்பி, உந்த ரேப்பை மடிச்சு வையும்."

"அங்கிள், நீங்கள்தானே ஒரு புல்லும் வேண்டாமெண்டனீங்கள்?"

"ஓம், சொன்னனான். இப்ப கல்லு வேண்டாமெண்டு சொல்லுறன். அங்க ஆள் இருக்கு."

அவன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிவிட்டேன். அத்தான் உன் பூவுக்கு முன்னால் முதல்முறையாகக் குந்தினார். வெகு நேரம் எழும்பவில்லை. எழும்பியபோது என்னைப் பார்த்து, "வெண்டிட்டாய் பிள்ளை" என்றார். இல்லை, அக்கா. மூன்று பேரும் வென்றோம்.

இப்போது அவருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. செடிக்கடைக்கு என்னை விட்டுவிட்டுத் தனியாகவே போகிறார். அந்த மட்டக்களப்புப் பெண்ணோடு மண்ணைப் பற்றி வாதம் பண்ணுகிறார். பக்கவாட்டுப் பாதையோரத்துக்கு இந்த ஒக்டோபரில் தானே தெரிவு செய்து நடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். செம்மஞ்சளும் ஊதாவும் கலந்து வைக்கப்போகிறாராம். நினைக்கவே கண் கூசுகிறது.

ஆனால் உனக்கு வாக்குத் தருகிறேன். அவர் எந்த நிறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். காட்டுகிற இடத்தில் குழி வெட்டிக் கொடுப்பேன்.

அவரையும் உன் மண்ணையும் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் தங்கச்சி வசந்தி