டீசல் தின்னிகள்

1972 மே 14, கிண்ணியா
மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. மகள் றம்ஸியாவுக்குக் கொடுக்கப்போகும், எங்கள் வீட்டை ஒட்டிய வளவுக் காணியைப் பார்த்தபோதுதான் மாப்பிள்ளையின் உம்மா ஸாலிஹா மூக்கைப் பொத்தினார். முன்பு குத்தகைக்கு இருந்தவரின் பீப்பாய்களிலிருந்து ஒழுகிய டீசல்.
"புல்லு முளைக்காத மண்ணில என்ட மகன் குடியிருக்க மாட்டான். மாரி மழைக்குள்ள ஒரு வழி பாருங்க."
மகளுக்கு வீடுவளவு கொடுக்காமல் இந்த ஊரில் கல்யாணம் ஏது? றம்ஸியா இரவு சாப்பிடவில்லை.

மே 16
பயப்பட நான் என்ன சும்மா ஆளா? இத்தனை வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவன். மண்ணிலுள்ள பக்டீரியாக்களில் சில எண்ணெயைத் தின்னும். ஈரமும் காற்றும் கொஞ்சம் உரமும் கொடுத்தால் வேலையை அவையே பார்க்கும்.
வளவின் நடுவே கயிறு கட்டினேன். கிழக்குப் பாதிக்கு மாட்டெரு, தண்ணீர், கொத்திப் புரட்டல். மேற்குப் பாதி ஒப்பிட்டுப் பார்க்க - அப்படியே கிடக்கட்டும்.
மனைவி நபீஸாவிடம் சொன்னேன்: "கிழக்குப் பக்கம் என்ட சோதனை. அதில கை வைக்கப்படாது."
"உங்கட பக்டீரியாவுக்கு நான் சமைக்கத் தேவையில்லத்தானே?" நக்கல்!

யூன் 20
இடுப்பு முறிகிறது. அபூதாஹிர் மாஸ்டர் மண்ணுக்கு மருந்து கட்டுகிறாராம் - தெருவெல்லாம் என்னைப் பற்றி இதே கதை.

ஓகஸ்ட் 6
கிழக்கில் மணம் குறைந்திருக்கிறது. அல்லது என் மூக்குக்குப் பழகிவிட்டதோ? புல் இல்லை. றம்ஸியா தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். அதைத்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

செப்டெம்பர் 17
பச்சை! மேற்கில்! ஒன்றுமே செய்யாத பாதியில் அறுகும் குப்பைக்கீரையும்! முதலில் ஆத்திரம்தான் வந்தது. படித்த விஞ்ஞானமே என்னைப் பார்த்துச் சிரிக்கிறதா? நான் பார்த்துக்கொண்டு நிற்க, நபீஸா மீன் கழுவிய தண்ணீரை அங்கே ஊற்றினாள். கோழிகள் ஓடிவந்து செதிள் தேடி மண்ணைக் கிளறின.
"எத்தன நாளா இது?"
"நீங்க கயிறு கட்டின நாளிலிருந்து. கிழக்கில கை வைக்கப்படாதெண்டா, பிறகு எங்க ஊத்துற?"
மாட்டெருவைவிடச் சத்தான மீன் உரம், தினமும் ஈரம், கோழி கிளறிய காற்று. என் பக்டீரியாக்களுக்கு இவள் நாலு மாதமாகச் சமைத்துப் போட்டிருக்கிறாள்! சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

ஒக்டோபர் 8
ஸாலிஹா மேற்கில் ஒரு பிடி மண் அள்ளி மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார்.
"டீசல் இல்ல. மீன் வெடுக்குத்தான்," என்றவர், நிக்காஹ்வுக்கு நாள் கேட்டார். குசினிக்குள் அடுப்படியில் றம்ஸியா சிரித்தது எல்லாருக்கும் கேட்டது.

ஒக்டோபர் 9
காலையில் மீன் வாளியோடு கிழக்குப் பாதிக்குப் போனேன்.
"கோழியளையும் கூட்டிட்டுப் போங்க," என்றாள் நபீஸா.
கூட்டிக்கொண்டு போனேன்.