தோய்க்காத ஏழாம் இலக்க உடுப்பு

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் உன் கணவர் ரஞ்சன் எங்கள் படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினார். கரியரில் ஓர் உரப்பை. வாயைச் சணல் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது.

"தங்கச்சி, இது உமக்காம். உமக்கு மட்டும் குடுக்கச் சொன்னவள்."

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "கையைக் கழுவிப்போட்டுத் தொடும்," என்றவர் ஒரு கணம் நின்று திருத்திக்கொண்டார். "இல்லை, தொட்டாப்பிறகு கழுவும்."

முற்றத்தில் வைத்துக் கட்டை அவிழ்த்தேன். நாறியது. பூச்சிமருந்தடித்த மறுநாள் வெங்காயத் தோட்டத்துப் பக்கம் போனால் தொண்டையில் வந்து குந்துமே ஒரு கசப்பு, அதே நாற்றம். உள்ளே நீ எனக்குத் தைத்துத் தந்த பத்து உடுப்புகளில் ஏழாவது இருந்தது. வியர்வையும் செம்மண்ணும் மருந்தும் காய்ந்து மொரமொரத்துப் போயிருந்தது. உன் வீட்டிலிருந்து இப்படி ஓர் ஊத்தை உடுப்பு வெளியே வந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. பள்ளிக்கூடத்திலேயே உன் வெள்ளைச் சட்டையைக் காட்டித்தான் ரீச்சர்மார் எங்களை ஏசுவார்கள். செத்தவீட்டில் வராத அழுகை அந்த நாற்றத்துக்கு வந்தது.

நான் செய்யும் ஆராய்ச்சியை ஊரில் ஒருவருக்கும் நேராகச் சொல்லி விளங்கப்படுத்த முடிந்ததில்லை. உனக்கு மட்டும் ஒரே வசனத்தில் விளங்கியது. "மருந்து மேலிலை படாமலும் இருக்கோணும், வெக்கையிலை அவியாமலும் இருக்கோணும், அவ்வளவுதானே?" அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வரும் பிளாஸ்ரிக் உடுப்பைக் கோப்பாய் வெயிலில் போட்டுக்கொண்டு ஒரு வரம்பு நடக்க முடியாது. அதனால் மருந்தடிக்கிறவர்கள் பழைய சேட்டும் சாரமுமாக, முதுகில் மருந்து நிரப்பிய தாங்கியைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் ஒருவரும் தாங்கியைச் சுமப்பதில்லை. கூலிக்கு ரஞ்சன் போன்றவர்கள் சுமப்பார்கள். நெருக்கமாக நெய்த பருத்தியில் நீர் ஒட்டாத பூச்சுப் பூசி, உள்ளே மெல்லிய வெள்ளை உள்துணி வைத்து ஓர் உடுப்பு வடிவமைத்தேன். மேல்துணியைத் தாண்டி மருந்து உள்ளே வந்தால் உள்துணியில் தங்கும். ஏழு நாள் போட்டபின் உள்துணியை வெட்டி எடுத்துக் கருவியில் சோதித்தால் எவ்வளவு வந்தது என்று தெரியும். முழு ஆராய்ச்சியும் அந்த உள்துணியை நம்பித்தான் நின்றது.

வடிவத்தை வரைந்து உன் தையல் மெசினடிக்குக் கொண்டுவந்தேன். நீ விரித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

"எடியே, ஊசியிலை நூல் கோக்கத் தெரியாத நீ உடுப்பிலை பட்டம் எடுக்கிறாய். இதைப் போட்டுக்கொண்டு மனுசன் ஒண்டுக்கு இருக்கிறதெப்பிடி?"

அதை நான் யோசிக்கவில்லை. என் பேராசிரியரும் யோசிக்கவில்லை. நீதான் முன்பக்கத்தைப் பிரித்து மடிப்பு வைத்து சிப் போட்டாய். பிறகு முதுகைக் காட்டிக் கேட்டாய்: "நடு முதுகிலை என்னத்துக்கு மூட்டு?"

"துணி அகலம் காணாது. ஒட்டுப்போடத்தான் வேணும்."

"தாங்கி வந்து இருக்கிற இடமெல்லோ அது."

"நீ தையன்," என்றேன். நீ தைத்தாய்.

உன் கைகளை அன்றும் பார்த்தேன். விரல் நுனிகள் வெடித்து, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. தோய்க்கிற சவுக்காரம் ஒத்துக்கொள்ளுதில்லை என்றாய். ரஞ்சனின் மருந்து உடுப்புகளைக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து நீதான் தோய்த்தாய். தோட்டச் சொந்தக்கார வீட்டம்மா உன்னிடம் சொன்னதையும் நீ எனக்குப் பகிடியாகச் சொன்னாய்: "மருந்துடுப்பை எங்கடை கிணத்தடியிலை தோய்க்காதையாம், தண்ணி பழுதாப்போமாம்." அதனால் நீ குழாயில் வாளியால் தண்ணீர் பிடித்துவந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் பேசினில் ஊறவைத்துக் கசக்கினாய். கிணற்றுக்கு அது நஞ்சு என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உன் கைக்கு நஞ்சு என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களைத் திட்டி என்ன, நானும் சொல்லவில்லை. உடுப்புப் போடுகிற ஆண்களுக்காக ஒரு நீண்ட கேள்விக்கொத்துத் தயாரித்தேன். இறுக்கமா, வெக்கையா, குனிய முடிகிறதா என்று எல்லாம் கேட்டேன். யார் தோய்ப்பது என்று ஒரு கேள்வி அதில் இல்லை.

பத்து வீடுகளுக்கும் ஒரு தாள் அடித்துக் கொடுத்தேன். மூன்றாவது வரியில் "உடுப்பைத் தோய்க்க வேண்டாம்" என்று போட்டிருந்தேன். ஏன் என்று போடவில்லை. ஏழு நாளுக்குப் பிறகு நான் எடுக்க வந்தபோது நீ பத்தையும் பத்து வீட்டிலிருந்தும் சேர்த்து, மடித்து அடுக்கி, மேலே ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வைத்திருந்தாய். உடுப்பில் சவுக்கார மணம் வந்தது. வந்தது என்பது எனக்கு அன்றே தெரியும். மாம்பழ மணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். பிந்தினால் ஆய்வுகூடத்தில் என் முறை போய்விடும்.

உள்துணிகள் சுத்தமாக வந்தன. பத்தும். கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டினேன். குளிரூட்டிய மண்டபத்தில், மருந்துத் தாங்கியைக் கண்ணால் மட்டும் கண்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வாசலுக்கு வந்ததும் முதலில் உனக்குத்தான் போன் எடுத்தேன்.

"எடி, உடுப்பு வெண்டிட்டுது! உள்துணியிலை ஒண்டுமே இல்லை."

"வெல்லாமல்? நாள் தவறாமல் தோய்ச்சனானெல்லோ."

"என்னது?"

"பின்னேரம் அவர் கழட்டினவுடனை ஊறப்போட்டிடுவன். கடைசி நாள் ரெண்டு தரம். மற்ற வீடுகளிலையும் அப்பிடித்தான், நான் போய்ச் சொல்லிக்கூடக் குடுக்கேல்லை. அயன் பண்ணித் தந்தனே, பாக்கேல்லையோ?"

"தோய்க்க வேண்டாம் எண்டு தாளிலை போட்டனான்!"

"அது எங்களுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாதெண்டு போட்டதாக்கும் எண்டு நினைச்சம். விசரி, வாங்கின சாமானை ஆராவது ஊத்தையோடை திருப்பிக் குடுப்பினமே? கம்பஸிலை நாலு பேர் தொட்டுப் பாக்கிற உடுப்பு. எங்கடை வீட்டு நாத்தத்தை அவை மணக்கவோ?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனெனில் அதை மறைத்து எழுதினால் இந்த மடலும் தோய்த்த உடுப்புத்தான். "படிக்காததுகளை நம்பி இறங்கினது என்ரை பிழை" என்றேன். கணக்குப் பாடத்தில் என்னை விட எப்போதும் கூடப் புள்ளி எடுத்த உன்னிடம் சொன்னேன்.

நீ மெல்ல, "இல்லையடி, ஒண்டு சொல்லோணும். தோய்க்கேக்கை அந்த முதுகுப் பக்கம்..." என்று தொடங்கினாய். நான் போனை வைத்துவிட்டேன்.

நான்கு மாதம் உனக்கு எடுக்கவில்லை. பேராசிரியருக்கும் சொல்லவில்லை. கைதட்டு வாங்கிய படங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஆய்வேட்டை எழுதத் தொடங்கினேன்.

அம்மாதான் சொன்னாள், உன்னை ஆஸ்பத்திரி வாட்டில் விட்டிருக்கிறார்கள், இரத்தத்தில் ஏதோ வருத்தமாம், கெட்ட நோயாம் என்று. வந்து பார்த்தபோது நீ பாதியாகிப்போயிருந்தாய். கையெல்லாம் நீலம் பாரித்த தழும்பு. என்னைக் கண்டதும் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய்.

"வந்திட்டியே, டொக்டர்?"

"பட்டம் இன்னும் கிடைக்கேல்லை."

"என்னாலை பிந்துது, என்ன?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் பிந்தியதைப் பற்றிக் கதைத்தேன். பக்கத்துக் கட்டில் கிழவியின் குறட்டையைப் பற்றி நீ ஏதோ பகிடி விட்டாய், இரண்டு பேரும் சிரித்தோம். நான் எழும்பும்போது சொன்னாய்: "இந்த முறை தோய்க்கேல்லை."

"எதை?"

"அவருக்குத் தெரியும்."

காய்ச்சலில் பிசத்துகிறாய் என்று நினைத்தேன். "சும்மா படடி, வாற கிழமை வாறன்," என்று வெளிக்கிட்டேன். அந்தக் கிழமைக்கு நீ இருக்கவில்லை.

உன் வருத்தம் எதனால் வந்தது என்று டொக்டர்மார் சொல்லவில்லை. அவர்களால் சொல்லவும் முடியாது. பேசினுக்கும் உன் இரத்தத்துக்கும் இடையில் நான் ஒரு கோடு கீறினால் அது பொய். தொடர்பில்லை என்று எழுதினாலும் பொய். ஆதாரம் இல்லாமல் எழுதக்கூடாது என்று படித்தவள் நான். ஆனால் ஏன் ஆதாரம் இல்லை? தேடினால்தானே இருக்கும். மருந்தடிக்கிறவனின் இரத்தத்தையாவது எப்போதாவது ஒரு முகாம் போட்டு எடுப்பார்கள். அவன் உடுப்பைத் தோய்க்கிறவளின் இரத்தத்தை யார் எடுத்தார்கள்?

உரப்பைக்குள் இருந்ததைப் பற்றி ரஞ்சன் படலையில் நின்றபடியே சொன்னார். நமது சண்டைக்குப் பிறகு அடுத்த வெங்காயப் போகத்துக்கு, உள்துணியை வெட்டியபின் நான் திருப்பி அனுப்பியிருந்த அந்த ஏழாம் இலக்கத்துக்கு நீ புது உள்துணி வைத்துத் தைத்து அவரிடம் கொடுத்திருக்கிறாய். "ஏழு நாளும் அதையே போடு எண்டாள். கழட்டினா வேலியிலை கொழுவோணும், வீட்டுக்குள்ளை கொண்டுவரக்கூடாது. ஆக்களுக்குப் பக்கத்திலை நிக்கேலாமல் நாறிக்கொண்டு திரிஞ்சன், தங்கச்சி. ஒருக்கா அலசுவமே எண்டு கேட்டன். அடிக்க வந்திட்டாள்." சிரிக்க முயன்றார். அவருக்கு வரவில்லை.

கையுறை போட்டுக்கொண்டுதான் உடுப்பை விரித்தேன். முன்பக்க உள்துணி பரவாயில்லை. முதுகைத் திருப்பினேன். நடு மூட்டு நீளத்துக்கும், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும், இரண்டு விரல் அகலத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு கறை. தையல் ஊசி போன ஒவ்வொரு துளையிலும் மருந்து இறங்கியிருந்தது. தாங்கி அழுத்தும் இடம். நீ சொல்ல வந்த முதுகுப் பக்கம். கருவியும் கருத்தரங்கும் காணாததை நீ ஏழு நாளும் பேசினில் கண்டிருக்கிறாய்.

உடுப்பின் பையில், பொலித்தீனில் சுற்றி, கொப்பித் தாள் ஒன்று. உன் உருண்டை எழுத்து.

"ஏழாம் இலக்கம். ஏழு நாள். ஒருக்காலும் தோய்க்கேல்லை. எனக்கு வெக்கமாக் கிடக்கு. கம்பஸ் மெசினுக்குக் காட்டு. ஆக்களுக்குக் காட்டாதை."

பேராசிரியரிடம் போய் எல்லாம் சொன்னேன். அவர் கெட்டவரில்லை, களைத்தவர். "'தோய்த்தபின்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதுமே," என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் பத்துப் பெண்களின் இருபது கைகள் இருக்கின்றன என்றேன். படங்களை விலக்கிக்கொண்டேன். ஆய்வேடு இன்னும் ஒரு வருடம் பிந்தும். அம்மா என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. புது வடிவத்தில் நடு முதுகில் மூட்டு இல்லை. கையால் கசக்காமல் தோய்ப்பதற்கு என்ன வழி, தோய்க்கிறவர் கைக்கும் நெஞ்சுக்கும் என்ன போடுவது என்பதுதான் இப்போது ஆராய்ச்சியின் பாதி. ஆய்வேட்டின் முதலாம் பக்கத்தில் உன் முழுப் பெயரையும் போட்டிருக்கிறேன். இங்கே எழுதவில்லை, நீ வெட்கப்படுவாய்.

போன கிழமை புதுக் கேள்விக்கொத்தோடு முதல் வீட்டுக்குப் போனேன். முதல் கேள்வி: "இந்த உடுப்பை யார் தோய்ப்பது?"

வீட்டுக்காரர் சிரித்தார். "இதென்ன கேள்வி, பிள்ளை? இவள்தான். வேறை ஆர்?"

அந்த அக்கா குசினி வாசலில் வந்து நின்றார். கையைக் காட்டுங்கோ என்றேன். அவரும் உன்னைப் போலவே கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். "ஐயோ, வேண்டாம் பிள்ளை, சவுக்காரம் ஒத்துக்கொள்ளுதில்லை." நான் விடவில்லை. அவரை வாசற்படியில் இருத்தி, பக்கத்தில் நானும் இருந்து, ஏழாம் இலக்கத்தின் முதுகைப் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினேன். அவர் கறையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலைப்பிலிருந்து கைகளை வெளியே எடுத்து என் மடியில் வைத்தார்.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. இந்த முறையும் கேட்கவில்லை. மெசினுக்கும் காட்டினேன், ஆட்களுக்கும் காட்டினேன், இனியும் காட்டுவேன். அதற்கு என்னை ஏசு. அன்று கட்டிலடியில் பஸ்ஸைப் பற்றிக் கதைத்ததற்கும் ஏசு. சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வசனம், உன் வசனத்தை விடச் சின்னது: உன்னாலை இல்லையடி. கொப்பித் தாள் என் கைப்பையில் இருக்கிறது, பொலித்தீனைத் தாண்டியும் கொஞ்சம் நாறும். நான் அந்தப் பொலித்தீனை மாற்றவில்லை.